வரிசையாகக் கதவு தட்டுகிறவர்கள்

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, காலை 11.07. செம்பூரில் எங்கள் அலுவலகக் கணினி ஒன்று, வாஷியில் உள்ள ஒரு மருத்துவமனையின் இணையதளத்தைப் பக்கம் பக்கமாகக் கேட்கத் தொடங்கியது. 11.18-க்கு மருத்துவமனை பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. எங்கள் முதலாளி நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்து, "பதினோரு நிமிஷம். அங்க யாரோ முழிச்சுண்டு இருக்கா" என்றார்.

அந்த யாரோ யார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதை முதலாளியிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் அலுவலகம் அனுமதிக் கடிதம் பெற்றுக்கொண்டு பிறருடைய கணினிகளைச் சோதிக்கும் அலுவலகம். மருத்துவமனையின் இயக்குநர் கடிதம் கொடுத்திருந்தார். ஊழியர்கள் எவருக்கும் சொல்லப்படவில்லை. வெளியாள் ஒருவன் தகவல் திரட்டத் தொடங்கினால், அங்கே கணினிகளுக்குக் காவல் பார்ப்பவருக்குத் தெரிகிறதா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. தெரியவில்லை என்று அறிக்கை சொன்னால், அந்தக் காவல் தாணேயில் ஒரு நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகப் போகும். இப்போது அதைப் பார்க்கும் ஒரே ஊழியர் வீட்டுக்குப் போவார். இதை இயக்குநர் மறைக்கவில்லை. கடிதத்தின் கடைசிப் பத்தியிலேயே எழுதியிருந்தார்.

அந்த ஒரே ஊழியர் தாராவியில், எங்கள் கட்டடத்தில், எங்கள் தலைக்கு நேர் மேலே நான்காம் மாடியில் குடியிருந்தார். நான் அவரை அக்கா என்று அழைப்பேன். முப்பத்தாறு வயது இருக்கும். சிறிய உருவம். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல், நம் பின்னால் படியில் வருவது யார் என்று காதால் பார்ப்பவர்போல், தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்பார்.

நான் அப்போது மாட்டுங்காவில் இலக்கியம் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்தேன். வாரத்தில் மூன்று நாள் செம்பூரில் அறிக்கை எழுதினேன். கணினி நுட்பம் எனக்குத் தெரியாது. சோதித்தவர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதத் தெரியும்.

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் கேஸ்காரனிடமிருந்து தொடங்க வேண்டும். நாங்கள் அந்தக் கட்டடத்துக்கு வந்த புதிதில், சிலிண்டர் குழாய் சோதிக்க வந்ததாகச் சொல்லி, கழுத்தில் அட்டையோடு ஒருவன் வந்தான். முதல் மாடியில் தொடங்கி ஒவ்வொரு வீட்டு மணியாக அடித்துக்கொண்டு ஏறினான். திறந்த வீடுகளில் அரை நிமிடம் பேசினான். பூட்டியிருந்த வீடுகளின் முன் நின்று கைப்பேசியில் எதையோ குறித்துக்கொண்டான். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே அக்கா அவனை மறித்தார்.

"யார் வீட்டுக்கு?"

"எல்லா வீட்டுக்கும்தான் மேடம்."

"பூட்டின வீட்டுல குழாய எப்படிப் பாத்தே?"

அவன் சிரித்தான். அக்கா அவன் அட்டையில் இருந்த எண்ணைத் தன் கைப்பேசியில் அழுத்தத் தொடங்கியதும், அவசரமில்லாததுபோல் இறங்கத் தொடங்கி, இரண்டாம் மாடி தாண்டியதும் ஓடினான். அந்த எண்ணில் ஒரு தையல் கடைக்காரர் பேசினார்.

"வேண்டியவன் ஒரு வீட்டுக்கு வருவாம்ளா" என்றார் அக்கா என்னிடம். "எல்லாக் கதவையும் வரிசையா தட்டுதவன் ஆளத் தேடி வரல. எது தொறந்து கெடக்குன்னு தேடி வாரான்."

இதே கணக்கு ஒருமுறை தவறியது. வாக்காளர் பட்டியல் சரிபார்க்க ஒரு மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை வந்தார். மே மாத வெயில். அவரும் வரிசையாகத்தான் கதவு தட்டினார். வேறு எப்படித் தட்டுவார்? அக்கா அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முயன்றார். எவரும் எடுக்கவில்லை. அந்த அம்மாள் படியிலேயே உட்கார்ந்து, இன்னும் மூன்று கட்டடம் பாக்கி என்று இந்தியில் கெஞ்சினார். என் அம்மா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "அவளப் பாத்தா திருடி மாதிரியாட்டி இருக்கு ஒனக்கு?" என்று அக்காவைக் கடிந்துகொண்டார். கடைசியில் யாரோ எடுத்தார்கள், ஆள் சரிதான் என்றார்கள். அக்கா அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்று மாலை அவருடைய நோட்டைப் பார்த்தேன். மருத்துவமனை கழித்துப்போட்ட பதிவேடு அது. நோயாளி, வார்டு, படுக்கை எண் என்று அச்சிட்ட கட்டங்களை மதிக்காமல் குறுக்கே எழுதியிருப்பார். 'பகல் 2.12. வாக்காளர் பட்டியல். சரியான ஆள். 43 நிமிடம் நிறுத்தினேன்.' தன் தவற்றையும் நேரம் போட்டு எழுதி வைக்கிறவரை அதற்குமுன் நான் கண்டதில்லை. ஆனால் அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறியது நோட்டில் இல்லை.

அவருடைய பார்வை நம்மேல் விழும்போது சுகமாக இருக்காது. ஒருநாள் சயான் ஸ்டேஷன் வாசலில் சந்தித்தபோது, "வியாழக்கெழம மட்டும் ஒரு வண்டிய விட்டுட்டு அடுத்ததுல வார. என்ன விசயம்?" என்று கேட்டார். வியாழக்கிழமைகளில் வகுப்பு முடிந்த பிறகு, நூலகத்தில் எவரும் வராத ஒரு மூலையில் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அதை நான் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லத்தக்க விஷயமும் அல்ல. அவர் கேட்டதும், என் பையை யாரோ தரையில் கொட்டிப் பார்த்ததுபோல் இருந்தது.

என்றாலும் மாலையில் படியில் பார்க்கும்போதெல்லாம் நானே அவரிடம் கேட்பேன்: "இன்னைக்கு யாரப் பிடிச்சீங்க அக்கா?" அந்தக் கேள்வியில் கொஞ்சம் கேலி இருந்தது. அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை. நின்று, பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, விவரமாகச் சொல்வார். வேலையை விட்டுப்போன ஒரு டாக்டர் தினமும் பகல் 1.15-க்குத் தன் கடவுச்சொல்லோடு கணினிக்குள் வருகிறார் என்று மேலாளர்கள் கூட்டத்தில் எழுந்து சொன்ன கதையை அப்படித்தான் கேட்டேன். டாக்டரின் பெயரில் உள்ளே நுழைந்துகொண்டிருந்தவர் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். "எல்லாரும் என்னையத்தான் மொறைச்சாங்க. அவன ஒருத்தரும் பாக்கல" என்று சிரித்தார். அதற்குமுன் அக்கா அங்கே சீட்டு எழுதும் கவுன்ட்டரில் இருந்தவர். அதன்பின் காவல் அவரிடம் வந்தது. நண்பர்கள் போனார்கள்.

தகவல் திரட்டும் கருவிகளைப் பற்றியும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மனிதர் ஒரு பக்கத்தைத் திறந்தால் படங்களும் கூடவே இறங்கும், கண் ஓடும், நேரம் ஆகும். கருவி படம் பார்க்காது. இல்லாத பக்கங்களையெல்லாம் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு கேட்கும். பழைய பிரதி இருக்கிறதா, நிர்வாகி அறை இருக்கிறதா, சோதனைப் பக்கம் இருக்கிறதா என்று மூச்சு விடாமல் கேட்கும். வேகத்தைக் குறைக்கலாம், பெயரை மாற்றி உலாவிபோல் நடிக்கலாம். அதற்கும் அக்கா ஒன்று வைத்திருந்தார். தேடுபொறிகள் எங்கெங்கே போகக்கூடாது என்று எழுதிவைக்கும் கோப்பு ஒவ்வொரு தளத்திலும் இருக்கும். அதில் அவர் ஒரு பொய்ப் பக்கத்தின் பெயரைச் சேர்த்திருந்தார். வேறு எங்கிருந்தும் அந்தப் பக்கத்துக்கு வழி கிடையாது. 'போகாதே' என்று எழுதியதைப் படித்துவிட்டு அங்கேயே போகிறவன் மட்டும்தான் அதைத் தொடுவான்.

"அதத் தொட்டாம்னா பக்கா" என்பார். "அப்புறம் யோசிக்கவே வேண்டாம். அடச்சிர வேண்டியதுதான்."

ஜனவரி முப்பதாம் தேதி முதலாளி இந்தச் சோதனைக்கான கோப்பை என் மேசையில் வைத்தார். மருத்துவமனையின் பெயரைப் பார்த்ததும் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கடிதத்தில் ஊழியர் பெயர் இல்லை என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எப்போதும் என்னைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவரை, ஒருமுறை அவருக்குத் தெரியாமல் நான் கவனிக்க முடியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் வாரம் முதலாளி மருத்துவமனையின் கணினியைத் தொடவேயில்லை. வெளியே கிடப்பதை மட்டும் திரட்டினார். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருப்பவர்களிடமிருந்து கொஞ்சம், பொதுவில் கிடைக்கும் இணையதளச் சான்றிதழ்ப் பட்டியல்களிலிருந்து கொஞ்சம், வேலைக்கு ஆள் தேவை விளம்பரங்களிலிருந்து கொஞ்சம். தெருச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிக்கிறவனின் காலடி வீட்டுக்குள் இருப்பவருக்குக் கேட்காது. அதுபோல இந்த வகைத் திரட்டலை அக்கா மட்டுமல்ல, எவரும் கண்டுபிடிக்க முடியாது.

அப்படித் திரட்டியதில் ஒன்று அக்கா எழுதியது.

நான்கு ஆண்டுகளுக்கு முன், கணினிக்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஒரு பொது மன்றத்தில், தன் முழுப்பெயரில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். மருத்துவமனைத் தளத்துக்கு யார் எப்போது வந்தார்கள் என்று கணினி எழுதிவைக்கும் பதிவிலிருந்து பன்னிரண்டு வரிகளை அப்படியே ஒட்டி, 'இதற்கு என்ன அர்த்தம்?' என்றிருந்தார். அந்தப் பன்னிரண்டு வரிகளில் உள்ளே இருக்கும் கணினிகளின் பெயர்கள் இருந்தன. எந்த மென்பொருள், எத்தனையாவது பதிப்பு என்பதும் இருந்தது. யாரோ பதில் சொல்லியிருந்தார்கள். அவர் நன்றி சொல்லியிருந்தார். பதிவு அங்கேயே கிடந்தது.

முதலாளி அதைப் பார்த்துக் கை தட்டினார். "காவக்காரியே சாவியை வாசல்ல வெச்சுட்டுப் போயிருக்கா!" அந்தப் பன்னிரண்டு வரிகளை மட்டும் வெட்டி அறிக்கையில் ஒட்டச் சொன்னார்.

நான் அவற்றுக்கு மேலே இருந்த ஆங்கில வரிகளையும் படித்தேன். 'இந்த வேலைக்கு இங்கே நான் ஒருத்திதான். அலுவலகத்தில் மூன்று முறை கேட்டேன், பதில் இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.'

அன்றிலிருந்து படியில் அக்காவைப் பார்த்தால் எச்சரிக்கையாக இருந்தேன். வாய் தவறி எதுவும் வந்துவிடக் கூடாது. ரயில், வெயில், லிஃப்ட் என்று பேசிவிட்டு நகர்ந்தேன்.

பிப்ரவரி ஆறாம் தேதி காலை நடந்ததைச் சொல்லிவிட்டேன். முதலாளி வேறு இணைய முகவரியிலிருந்து மறுபடி முயன்றார்; அதுவும் அடைபட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து, இன்னும் மெதுவாக, மூன்றாவது முகவரியிலிருந்து முயன்றார். அதுவும் போயிற்று. அவருக்குக் கோபம் வரவில்லை, உற்சாகம்தான். ஆனால் மாலையில் அவர் எழுதித் தந்த அட்டவணையில் ஏழு வரிகள் இருந்தன. திரட்டிய வழிகள் ஏழு. எதிரே, 'ஊழியர் கண்டறிந்தாரா?' ஆறு வரிகளில் 'இல்லை'. கடைசி வரியில் மட்டும் 'ஆம்'.

"சார், இந்த ஆறும் அவங்க சர்வரத் தொடவே இல்லையே. அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதும்மா. அதான் இல்லைன்னு போட்டிருக்கேன். பொய்யா?"

"பொய் இல்ல சார். ஆனா படிக்கறவங்க ஆறு தடவை கோட்டை விட்டுட்டாங்கன்னு படிப்பாங்க."

"டைரக்டருக்கு வேண்டியது ஆமா, இல்லை. நாளைக்குப் பத்து மணிக்கு அனுப்பணும். கவிதை எழுதாதே."

மாலை ஏழே முக்காலுக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அவர் வீடுகளுக்குள் வருகிறவர் அல்லர். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, அதிசயமா எறங்கி வந்திருக்க? நாங்க ஒண்ணும் திருடலையே?"

"ஒங்க வீட்டுல திருட என்ன இருக்கு பெரியம்ம, வெங்காயத்தத் தவிர?"

"இப்ப அதுதாம்ளா வெல. உக்காரு, காப்பி போடுதேன்."

அம்மா அடுக்களைக்குள் போனதும் அக்கா நோட்டைத் திறந்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"காலைல பதினொண்ணு ஏழுக்கு ஒருத்தன் வந்தான். மெஷினு. பேர மாத்திக்கிட்டு மெதுவாத்தான் வந்தான். என் பொய்ப் பக்கத்தத் தொட்டுட்டான். பதினொண்ணு பதினெட்டுக்கு அடச்சேன். பதினொண்ணு நாப்பதுக்கு வேற எடத்துலேர்ந்து வந்தான். அதையும் ஒண்ணரைக்கு அடச்சேன். அப்புறம் ரெண்டே கால் வர ஒண்ணுமே இல்ல, அதுக்கப்புறம் மறுபடி வந்தான்." நிமிர்ந்தார். "திருடனுக்கு ஏதுளா லஞ்ச் டைம்?"

நான் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"டெஸ்ட்டு. டைரக்டர் வச்ச டெஸ்ட்டு. அது எனக்கு மூணு மணிக்கே தெரிஞ்சு போச்சு." நோட்டில் சில பக்கங்கள் முன்னால் தள்ளினார். "முந்தியெல்லாம் பாக்கும்போது 'இன்னைக்கு யாரப் பிடிச்சீங்க'ன்னு கேப்ப. போன செவ்வாக்கெழமேலேர்ந்து நீ கேக்கல. எட்டு நாளு. நாலு தடவ படியில பாத்திருக்கோம், நாலு தடவையும் கேக்கல."

எதையும் சொல்லிவிடக் கூடாது என்று அந்த எட்டு நாளும் நான் காத்த ஒழுங்குதான் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைத் தூக்கினார்.

"பதில் சொல்லாத. சொன்னேன்னா நான் நேரம் போட்டு எழுதணும். ஒனக்கு வேல போயிரும்."

அடுக்களையில் பால் பாத்திரத்தை அம்மா அடுப்பில் வைக்கும் ஓசை கேட்டது. அக்கா நோட்டை மூடினார். மூடிய நோட்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"உள்ள வாரவனப் பிடிச்சிருவேன். அது பயமில்ல. வெளிய என்ன கெடக்குன்னுதான் எனக்குத் தெரியல. வெளிய கெடக்குதத யாரு பாத்தாலும் எனக்குச் சத்தம் கேக்காது." என் பக்கம் திரும்பினார். "நான் எதையும் வெளிய போட்டு வச்சிருக்கனாளா?"

அவர் அன்று என் பின்னால் படியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவர் நிச்சயம் எண்ணியிருப்பார்.

"சரி" என்றார். "கெடக்கு."

பேனாவின் மூடியைத் திறந்தார். நோட்டைத் திறக்கவில்லை. மூடியைத் திரும்ப மாட்டிப் பைக்குள் போட்டார். அம்மா காப்பியோடு வந்தபோது எழுந்து நின்றே குடித்துவிட்டு, "நல்ல டிகிரி பெரியம்ம" என்று சொல்லி மேலே போனார். தலைக்கு மேல் அவருடைய காலடி அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

நான் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். அவர் எழுதாமல் விட்டது எனக்காக. ஆனால் நாங்கள் இருவரும் ஒரே கட்டடம் என்பது என்றைக்காவது இயக்குநருக்குத் தெரியவரும். அன்றைக்கு, கீழ் வீட்டுப் பெண் முன்பே சொல்லிக்கொடுத்திருப்பாள், அதனால்தான் பிடித்தாள் என்பார்கள். அக்கா தானாகப் பிடித்த அந்தப் பதினோரு நிமிடமும் பொய்யாகிவிடும். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் புதன்கிழமை எனக்கு அலுவலக நாள் அல்ல. காலை எட்டரைக்கே போனேன். அறிக்கையைத் திறந்து, அட்டவணையை இரண்டாகப் பிரித்தேன். மருத்துவமனையின் கணினியைத் தொடாமல் திரட்டிய ஆறும் ஒரு பக்கம். அவற்றுக்கு எதிரே 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'எந்த ஊழியராலும் கண்டறிய இயலாதவை' என்று எழுதினேன். தொட்டுத் திரட்டியது மறுபக்கம், மூன்று முயற்சிகளும் அடைபட்ட நேரங்களோடு. அக்காவின் மன்றப் பதிவை நீக்கவில்லை. அது உண்மையான ஓட்டை. நீக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் வெட்டாமல், மேலே இருந்த வரிகளோடு முழுவதுமாக ஒட்டினேன்.

பிறகு முதல் பக்கத்தில் இதைச் சேர்த்தேன்: 'இந்த அறிக்கையை எழுதியவரும் மேற்படி ஊழியரும் ஒரே கட்டடத்தில் வசிப்பவர்கள். இதை நான் தொடக்கத்தில் தெரிவிக்கவில்லை, தவறு என்னுடையது. சோதனை பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. பிப்ரவரி 6 மாலை 7.50 மணியளவில் அவர் என்னிடம் கேட்டபோது நான் மௌனமாக இருந்தேன். அந்த மௌனத்திலிருந்து அவர் பதிலைத் தெரிந்துகொண்டார். அவர் கருவியைக் கண்டறிந்தது அன்று காலை 11.18-க்கு.'

முதலாளி ஒன்பதரைக்கு வந்தார். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"முதல் நாளே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருக்கணும் சார்."

"இதைப் பார்த்தா டைரக்டர் டெஸ்ட்டே செல்லாதும்பான். எனக்கு நஷ்டம். உன்னை இனிமே எந்த ஃபைல்லயும் உட்கார வைக்க முடியாது. தெரியுமில்லையா?"

"தெரியும் சார்."

"அவ உனக்கு அவ்வளவு வேண்டியவளா?"

"அவங்க பிடிச்சது நிஜம் சார்" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் பக்கத்தை அழித்துவிடுவார் என்று நினைத்தேன். அதன் அடியில் தன் பெயரையும் தட்டச்சு செய்து, 9.52-க்கு அனுப்பினார். அனுப்பியதைத் திரையைத் திருப்பி எனக்குக் காட்டினார். நான் அலுவலகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, குர்லாவில் வண்டி மாறி, பதினொன்றரை வகுப்புக்கு மாட்டுங்கா போனேன்.